ஏழு திருகாணி வளையம்

கூரைக் கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, அந்தரத்தில் தொங்குகிறார் விளக்கு செய்யும் அக்கா. எடை எண்பத்திரண்டு கிலோ. பத்து எண்ணும் வரை தொங்கிப் பார்த்த பிறகுதான் அந்தக் கொக்கியில் இரண்டு கிலோ விளக்கை மாட்டச் சம்மதிப்பார். "என்னையே தாங்கிருச்சுன்னா எதையும் தாங்கும்" என்பார். பத்தாவது எண்ணில் ஸ்டூலைத் திரும்பக் காலடிக்குத் தள்ளுவது கணவரின் பொறுப்பு. ஒருமுறை கணவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததில் முப்பத்தேழு வரை எண்ண வேண்டியதாயிற்று.

காருக்கென்று கட்டிய கொட்டகைதான் பட்டறை. கார் தெருவில் வெயில் காய்கிறது. கேட்பவர் மனதில் இருக்கும் விளக்கை அப்படியே செய்து தருவது தொழில் என்பதால், வருகிறவர்களின் மனதையெல்லாம் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ஒருவருக்கு மேகம் மாதிரி விளக்கு வேண்டும், ஆனால் அதில் பல்லி உட்காரக் கூடாது. விவாகரத்தான ஒருவர், சாப்பாட்டு மேசைக்கு மேலே "கொஞ்சம் சந்தோஷமான வெளிச்சம்" கேட்டார். எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு இவர் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க கூரை கான்கிரீட்டா, பலகையா?"

இவர் விளக்கை மாட்டுவதற்கு மூன்று வேலைகள் போதும். கூரையில் ஒரு தட்டைப் பொருத்த வேண்டும். வயர்களை அதனதன் துளையில் செருக வேண்டும். விளக்கை உயர்த்திக் கால்வட்டம் திருப்ப வேண்டும். 'டக்' என்று கேட்டால் முடிந்தது. "டக்குனு கேக்கலைன்னா கைய எடுக்காதீங்க" என்று வாங்குகிற ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொல்லிச் சொல்லி, மின்சாமான் கடைக்காரர்கள் மத்தியில் 'டக்கு அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கணவர் முப்பது வருடம் கல்லூரியில் மின்னியல் நடத்தியவர். கரும்பலகையில் எத்தனை ஆயிரம் வோல்ட் வேண்டுமானாலும் ஓட்டுவார்; வீட்டில் பல்பு மாற்றத் தெரியாது. அக்காவுக்கு அதுதான் வசதி. புது விளக்கு ஒன்று உருவானதும், செய்முறைத் தாளோடு அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொள்வார். "இவரு மாட்டிட்டாருன்னா ஊரே மாட்டிரும்." கணவர் தலையைச் சொறிந்தால் குறை விளக்கில்தான் இருக்கிறது, கணவரிடம் இல்லை. கல்யாண வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

இப்படிப்பட்டவரிடம்தான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்த உள்ளலங்கார நிபுணர் வந்தார். புதிதாகத் திறக்கப்போகும் உணவகத்துக்கு இருபத்து நான்கு விளக்குகள் வேண்டுமாம். மாதிரி விளக்கை அவரே மாட்டிப் பார்த்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. இறங்கி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்ப ஈசியா இருக்கே மேடம்."

"ஆமா. அத ஈசியாக்கத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஓனர் என்ன நினைப்பாரு சொல்லுங்க? நாலு நிமிஷத்துல மாட்டுற பொருளுக்கு ஒரு மதிப்பு வேணாமா? மூணு பேரு நாள் பூரா அண்ணாந்து நின்னாத்தானே வேலை நடந்த மாதிரி இருக்கும்?"

அக்கா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் இருபத்து நான்கு விளக்குகள், எல்லாம் தன் கையால் செய்தவை, ஒரே கூரையில் வரிசையாக எரிவதைப் பார்க்கும் ஆசை இரண்டு நாள் அவரைப் போட்டுப் படுத்தியது. மூன்றாம் நாள், சாஸர் அகலத்தில் ஒரு பித்தளை வளையம் செய்தார். விளக்கின் கழுத்தைச் சுற்றி, ஏழு பொடித் திருகாணிகளால் கூரைத் தட்டோடு முடுக்க வேண்டும்.

கணவர் வழக்கம்போல் மாட்டிப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

"இந்த வளையம் என்ன வேலை செய்யுது?"

"டிசைனருக்கு வேலை குடுக்குது."

"எடையத் தாங்குதா?"

"அழகத் தாங்குது. நீங்க இறங்குங்க."

"தாள்ல இதப் பத்தி ஒண்ணுமே எழுதலையேம்மா?"

"எழுத அதுல என்ன இருக்கு? உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்!" அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குறை கணவரிடம் இருப்பதாகத் தீர்ப்பாயிற்று.

நிபுணருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இப்பதான் மேடம் இதுக்கு ஒரு கம்பீரமே வந்திருக்கு!"

உணவகத் திறப்பன்று மதியம் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் அண்ணாந்தபடியே நடந்தார். மூன்றாம் மேசைக்கு மேலிருந்த விளக்கு ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. கீழே ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று சூப்புக்கு மிளகு தூவிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க."

"ஏங்க, இப்பதானே உக்காந்தோம்?" என்றார் குடும்பத் தலைவர், கரண்டியோடு.

"உக்காந்தது போதும். அந்தப் பக்கம் போங்க, வெரசா!"

நாற்காலியில் ஏறி, உள்ளங்கையால் விளக்கைத் தாங்கி மெல்லத் திருப்பினார். டக். அதுவரை அந்தச் சத்தம் கேட்டிருக்கவே இல்லை. விளக்கின் மொத்த எடையும் ஏழு பொடித் திருகாணிகளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவற்றில் இரண்டு பாதி கழன்றிருந்தன.

நிபுணர் ஓடி வந்தார். "மேடம், எங்க ஆளுங்க ஏழு ஸ்க்ரூவையும் நல்லா முடுக்கியிருக்காங்களே!"

"நல்லாத்தான் முடுக்கியிருக்காங்க. ஏழு ஸ்க்ரூவ முடுக்கின எவனுக்குங்க இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குன்னு தோணும்?" கழன்றிருந்த திருகாணி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார் அக்கா. "தப்பு அவங்களுது இல்ல. நான் பண்ணது. மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஏணி எங்க?"

கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அடுத்தது ஜன்னலோரம்" என்று மட்டும் சொன்னார். அக்கா மேசை மேசையாக ஏறி, ஒவ்வொரு வளையத்தையும் கழற்றி, ஒவ்வொரு விளக்கையும் திருப்பிப் பார்த்தார். இருபத்து நான்கில் ஒன்பது, டக்கென்று சொல்லாதவை. வந்திருந்தவர்கள் இதையும் திறப்பு விழா நிகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாப்பிட்டபடி படம் பிடித்தார்கள். ஒரு பெண்மணி கைகூடத் தட்டினார்.

மெயினைப் போட்டதும் இருபத்து நான்கும் ஒன்றாக எரிந்தன. அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை. மேசை மேல் குவித்திருந்த வளையங்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நிபுணர் பக்கத்தில் வந்து, பளபளவென்றிருந்த ஒரு வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒண்ணு மட்டும் நான் வச்சுக்கட்டுமா மேடம்? அடுத்த பார்ட்டிக்கு மாடல் காட்டலாம்."

அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி இரண்டாக வளைத்தார். குறட்டால் பிடித்து இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு நிபுணரின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.