ஏலத்து வீட்டுப் பாவு

எங்கள் வீட்டை நாங்கள் ஏலத்தில் எடுத்தோம். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. என்னோடு தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "வாங்கினோம்னு சொல்லிட்டுப் போயேன், ஏலம் ஏலம்னு எதுக்குச் சொல்லிக்கினு இருக்கே?" என்று கேட்டாள். ஏலத்தில் எடுத்ததை வேறு எப்படிச் சொல்வதாம்? திருடவில்லை. கோர்ட்டு அமீனா வாசலில் நின்று மூன்று முறை கூவினார். மூன்றாவது முறை எங்கள் அப்பாவின் குரல்தான் உயரத்தில் இருந்தது.

அப்பா பன்னிரண்டு வயதில் மாகறலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து தறி கற்றுக்கொண்டவர். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் நெய்ததில்லை. எனக்கு முன் யாரும் படித்ததும் இல்லை. பட்டுத் தறிக்குக் கால் வைக்க ஒரு குழி வேண்டும். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் சமைக்க விடுவார்கள், பிள்ளை பெற விடுவார்கள், தரையைத் தோண்ட மட்டும் விடமாட்டார்கள். அதனால் பதினெட்டு வருஷம் அப்பா அடுத்தவர் வீட்டுக் குழியில்தான் காலை வைத்து நெய்தார். அவருக்கு மாடி வீட்டு ஆசையெல்லாம் கிடையாது. தன் தரையில் ஒரு குழி, அவ்வளவுதான்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் போகிற என்னை அந்தத் தெரு வழியாக அழைத்துப்போனார். நான் ஐந்தாம் வகுப்பு. "மெல்லப் படிமா" என்றார். மெல்லப் படிப்பது எனக்கு எப்போதும் வராது. ஜப்தி, பகிரங்க ஏலம் எல்லாவற்றையும் தடுமாறாமல், வகுப்பில் எழுந்து நின்று படிப்பதுபோல உரக்கப் படித்தேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலத்துக்கு முந்தின பதினைந்து நாளும் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். மாகறலில் இருந்த துண்டு நிலமும் அம்மாவின் நகைகளும் போயின. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கழுத்துல போட்டா நாலு பேரு பாப்பாங்க. குழி தோண்டினா நாப்பது வருஷம் கஞ்சி ஊத்தும்" என்றார்.

அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தெருவாசி ஒருவரின் வீடு ஏலத்துக்கு வந்தால் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியாளும் கேட்கமாட்டான், தெருவைப் பகைத்துக்கொண்டு எவன் வந்து குடியிருப்பான், வீடு எப்படியாவது பழைய கைக்கே திரும்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அப்பா அந்தக் கணக்கில் இல்லாத ஆள். அமீனா நீட்டிய காகிதத்தில் அவர் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டபோது, தெரு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

பழைய வீட்டுக்காரர் எதிர்ச் சாரியில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனார். அவர் வெளியே தலைகாட்டுவதே இல்லை. அவர் மனைவி மட்டும் காலையில் வாசல் தெளிப்பார். எங்கள் வாசலும் அவர் வாசலும் நேருக்கு நேர்.

தெரு எங்களோடு சண்டைக்கு வரவில்லை. எங்களைப் பார்க்காமல் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா, அம்மா வெளியே வந்தால் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிள்ளைகள் என்னை "ஏலத்து வூட்டுப் பொண்ணு" என்றார்கள். "ஆமா, ஏலத்து வூடுதான். உங்க வூட்டுக்கு வாடகை எவ்ளோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர்களும் என்னைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். அம்மா தன் பங்குக்குக் கோலத்தைச் சாக்கடை ஓரம் வரைக்கும் இழுத்துப் போட்டார்.

பழையவர்கள் தறியை விற்றுக் குழியை மூடியிருந்தார்கள். நல்ல நாள் பார்த்து அப்பா புதிதாகக் குழி தோண்டினார். தறி நின்றது. பட்டு முதலாளியும் மூன்று புடவைக்குப் பாவு கொடுத்தனுப்பினார். வம்பு அங்கேதான் இருந்தது.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுமுன் அதை முழுநீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் நீவி, அறுந்த இழைகளைப் பிணைத்தாக வேண்டும். மூன்று புடவைக்கு இருபது கஜத்துக்கு மேல் வரும். அதனால் தெருவில்தான் நீட்டுவார்கள். அவரவர் வாசல் அகலம் ஆறு கஜம்கூட இருக்காது. நம் பாவு நாலு வீட்டு வாசலைக் கடந்துதான் போகும். அந்த நாலு வீட்டாரும் கூப்பிடாமலே வந்து கை கொடுப்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவு நம் வாசலுக்கு வரும்.

அப்பா தெருப் பெரியதனக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். "இன்னாபா, தெருவையும் சேத்துக் கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாங்களா? உன் வாசலுக்கு நேரா எவ்ளோ வேணா நீட்டிக்கோ. அடுத்த வாசல்ல ஒரு குச்சி நட்டியானா புடுங்கிக் கடாசிடுவேன்."

அப்பா திரும்பி வந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். பாவு நீட்டவில்லை என்றால் நெசவு இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு முதலாளி பட்டைத் திருப்பிக் கேட்பார். பிறகு இந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி மீன்தான் வளர்க்க வேண்டும்.

அம்மா தெருவாசலில் போய் நின்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். நீளமான வீடு அது. தெருக்கதவு, கூடம், சமையல்கட்டு, பின்கதவு, தோட்டம் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. வாசலில் நின்றால் தோட்டத்து முருங்கை மரம் தெரியும்.

"வாசலுக்கு நேரான்னுதானே சொன்னாரு?" என்றார் அம்மா.

"இன்னா சொல்றே?"

"எதுத்தாப்பல லைட்டுக் கம்பம் இருக்குது. தோட்டத்துல முருங்கை இருக்குது. நடுவுல நம்ம வூடு இருக்குது."

"தெரு அடைஞ்சுப் பூடும்மே!"

"அடையட்டும். நம்ம வாசலுக்கு நேராத்தானே அடையுது?"

மறுநாள் விடியற்காலையில் அப்பா, அம்மா, மாகறலிலிருந்து வந்திருந்த சித்தப்பா, நான் என்று நாலே பேர் வேலையைத் தொடங்கினோம். எதிர்ச் சாரி விளக்குக் கம்பத்தில் ஒரு முனை. அங்கிருந்து பாவு தெருவைக் குறுக்கே கடந்து, எங்கள் வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, தோட்டத்து முருங்கையில் போய் முடிந்தது. அரக்கு நிறம். வீட்டுக்குள் ஓர் ஆறு ஓடுவதுபோல இருந்தது. அப்பா கஞ்சி தடவத் தொடங்கினார். கஞ்சி பட்ட பிறகு பாவை அவிழ்க்க முடியாது. நீவாமல் காயவிட்டால் இழைகள் ஒட்டிப்போகும். முதலாளியின் பட்டு பாழ், அப்பாவின் பேரும் பாழ்.

முதலில் பால்காரர் எருமையோடு வந்து நின்றார். பிறகு கோயிலுக்குப் பூக்கூடை சுமக்கிறவர். பிறகு ஒரு கட்டைவண்டி. ஒருவரும் தாண்டவில்லை. எங்கள் ஊரில் நீட்டிய பாவை யாரும் தாண்டமாட்டார்கள், அடியில் குனிந்தும் போகமாட்டார்கள். சாமி புறப்பாடே வந்தாலும் பாவு எடுக்கிறவரை நிற்கும். ஜென்மப் பகையாளியின் பாவாக இருந்தாலும் அப்படித்தான். எங்களைப் பார்க்காமல் இருந்த தெரு முழுவதும் இப்போது இரண்டு பக்கமும் கூடி நின்று எங்களையே பார்த்தது.

"டேய் மாகறலான், இன்னாடா அக்கிரமம் இது?" என்று கத்தினார் பெரியதனக்காரர்.

"நீங்க சொன்னாப்பலத்தான் நைனா, வாசலுக்கு நேரா" என்று அம்மா உள்ளேயிருந்து பதில் கொடுத்தார். பால்காரர் சிரித்துவிட்டார். எருமை எங்கள் கோலத்தின் மேல் சாணி போட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பழைய வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். பாவின் முனை கட்டியிருந்த கம்பம் அவர் வாசலிலேயே இருந்தது. முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கை நீட்டினால் போதும். பெரியதனக்காரரும் அதையே எதிர்பார்த்ததுபோல, "நீயே பாரும்மா, இன்னா கூத்துன்னு" என்றார். அந்த அம்மா கம்பத்தைப் பார்த்தார். பாவு போகும் வழியே எங்கள் வாசல் வரைக்கும் பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசற்படியில் நின்று கத்தினேன். "சிரிக்காதீங்க! இது எங்க வூடு. கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. நானே படிச்சேன்!"

"தெரியும்மா. நீ படிச்சது உள்ளாற வரைக்கும் கேட்டுச்சு" என்றார் அவர். "நல்லாத்தான் படிக்கிறே."

அதே நேரத்தில் தோட்டத்தில் படக்கென்று ஒரு சத்தம். முருங்கை விரிசல் விட்டது. நாலு பேர் இழுத்துக் கட்டிய பாவை முருங்கை தாங்குமா என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் ஒருவராவது கேட்டிருப்பார். பாவு கூடத்தில் தொய்ந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. சித்தப்பா ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சடசடவென்று இழைகள் அறுந்தன.

எதிர்வீட்டு அம்மா யாரிடமும் கேட்கவில்லை. பாவை ஒட்டியே தெருவைக் கடந்து, என்னைத் தாண்டி வாசலுக்குள் நுழைந்து, கூடத்தின் வழியாக நேராகத் தோட்டத்துக்குப் போனார். இருட்டிலும் வழி தெரிந்தவர்போல நடந்தார். முருங்கைக்குப் பின்னால் குவிந்திருந்த உடைந்த ஓடுகளையும் சருகுகளையும் காலால் தள்ளினார். குவியலுக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் தூண் இருந்தது. தலையில் துளை.

"எங்க மாமனார் இந்த வூட்டுக்கு வந்த புதுசுல நட்டது. இதுல கட்டுப்பா" என்றார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, வீடு அதிரக் குரல் கொடுத்தார். "இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க? பாவு தொங்குது! முனையை மாத்திக் கட்டற வரைக்கும் தூக்கிப் புடிக்க ஆள் வேணும், வாங்க!"

பாவு தரையில் படப்போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு நெசவாளியால் முடியாது. அவர்கள் கை அவர்கள் வாயைக் கேட்கவில்லை. பூக்கூடைக்காரர் கூடையை இறக்கினார். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "எவரைனா முருங்கையில கட்டுவாங்களா, அய்யய்யோ" என்று திட்டிக்கொண்டே அறுந்த இழைகளைப் பிணைத்தார். வாசலிலிருந்து தோட்டம் வரை ஆள் ஆளாக நின்று பாவைக் கையில் ஏந்தினார்கள். பெரியதனக்காரர் ஏசிக்கொண்டே வந்தவர், தோட்டத்தில் அந்தக் கல்லைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கயிற்றைத் துளையில் நுழைத்து அவரே இழுத்துக் கட்டினார்.

வெயில் ஏறுமுன் பாவு முடிந்தது. யாரும் எங்களிடம் சமாதானம் பேசவில்லை. அம்மா கொடுத்த காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அம்மா கூடத்தில் கொஞ்சநேரம் நின்று, தறிக்குழியை எட்டிப் பார்த்தார். "நல்லா ஆழமாத்தான் தோண்டியிருக்கே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று நான் அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்த விடுமுறையில், கரையான் தின்னுமுன் பார் என்று அம்மா ஒரு பழைய பத்திரக் கட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டோடு எங்களுக்கு வந்த கட்டு அது. அதுவரை யாரும் பிரித்ததில்லை. அடியில் மடிந்து கிடந்த காகிதத்தைப் படித்தேன். இந்த முறை மெல்லத்தான் படித்தேன். எதிர்வீட்டு அம்மாவின் மாமனார், வெளியூர்க்காரர், அந்த வீட்டைக் கோர்ட்டு ஏலத்தில் எடுத்திருந்தார்.

வாசலில் தெரு கிடக்கும்போது ஒரு நெசவாளி தன் தோட்டத்துக் கடைசியில், இரண்டு கதவுகளுக்கும் நேராக, எதற்காகக் கல் நட வேண்டும்? பத்து வயதில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அந்த அம்மா மகளோடு வாலாஜாபாத்துக்குப் போய்விட்டிருந்தார்.

இப்போது தெருவில் எங்களுக்கு இடம் கொடுக்கிறார்கள். நாலு வாசலும் எங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனாலும் வருஷத்தில் முதல் பாவை அப்பா அந்தக் கல்லில்தான் கட்டுகிறார், தெருவும் அன்றைக்கு நின்றுதான் போகிறது. நான் வாசற்படியில் நின்று எதிர்ச் சாரியைப் பார்ப்பேன். அன்று அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் எனக்குக் கோபம். தெருவைப் பார்த்துச் சிரிக்கத் தன் மாமனார் காலத்திலிருந்து அவர் காத்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?