பின் இருக்கையில் கால் நீட்ட இடம்

பழைய காரைக் கொடுத்துவிட்டு ஜீப் வாங்கலாமா என்று நைனா கேட்டபோது, இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். திண்டிவனம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. எதையும் அளக்காமல் முடிவு செய்ய எனக்கு வராது.

கார்: தொண்டூர் நிலத்துக்குப் போகும் பாதையில் அடிவயிறு தட்டும். பின்பக்க இடது கண்ணாடி ஏறாது. டிக்கியில் விதைக்கான வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, மூன்று மூட்டை ஏற்றினால் மேட்டில் திணறும்.

ஜீப்: நல்ல உயரம். சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மூட்டுவலிக்கார அம்மாவுக்குப் பின் இருக்கையில் கால் நீட்ட இடம்.

காருக்கு ஆதரவாக ஒரே வரி எழுதியிருந்தேன்: ஆறு வருடமாக நான் ஓட்டுவது. அதற்கு அளவு எதுவும் போட முடியவில்லை என்று அடித்துவிட்டேன். நைனாவுக்கு ஓட்டத் தெரியாது, தம்பி அப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருந்தான். ஜீப்பையும் நான்தானே ஓட்டப்போகிறேன் என்று நினைத்தேன்.

ஜீப் வந்த அன்று பூஜைக்கு நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தது நான். நிமிர்ந்தபோது ஸ்டியரிங் முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். சாவிக்குக் கை நீட்டினேன்.

“இது இன்னா, காரா? ஆம்பள புள்ள ஓட்டட்டும். நீ அம்மாகூட பின்னாடி குந்து” என்றார் நைனா.

“உனுக்குக் காலு எட்டாதுக்கா. கட்ட வச்சித்தான் ஓட்டணும்” என்று தம்பி சிரித்தான்.

“சீட்ட முன்னால இழுத்துக்கலாம்டா. அட்டவணையில எழுதியிருக்கேன், படிச்சியா?”

“அத்தயெல்லாம் யாரு படிக்கறது?”

பழங்கள் நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து நான் வேலைக்கு பஸ்ஸில் போனேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மழை நாளில், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

“அக்கா, வண்டி நெலத்து வாய்க்கால்ல எறங்கிடுச்சி. ஏறவே மாட்டேங்குது.”

“கியர் பக்கத்துல சின்ன லிவர் எதுல இருக்குது?”

“எந்தச் சின்ன லிவரு?”

மூன்று மாதமாக அவன் அதைப் பழைய காரைப் போலத்தான் ஓட்டியிருக்கிறான். நான் வரிசையாகச் சொன்னேன். ஆக்சிலேட்டரை விடு. நியூட்ரலுக்கு வா. கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சின்ன லிவரை ‘4L’ என்று போட்டிருக்கும் இடத்துக்குத் தள்ளு, நான்கு சக்கரமும் இழுக்கும். இரண்டாவது கியர். கிளட்ச்சை மெதுவாக விடு, ஆக்சிலேட்டரை அழுத்தாதே.

இன்ஜின் உறுமியது. சேறு தெறிக்கும் சத்தம். பிறகு நைனாவின் குரல், பக்கத்து நிலத்துக்காரரிடம்:

“பாத்தியா எம் புள்ளய! ஒரே தம்ல ஏத்திட்டான்.”

போன் அணைந்தது. நான் கூப்பிடவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். தம்பி ஓட்ட, நைனா முன்னால். நான் அம்மாவோடு பின்னால்.

“நீ சொன்ன மாதிரியே இருக்குதுடி. காலு எம்மாம் தாராளமா நீட்டலாம்” என்றாள் அம்மா.

என் கால்களையும் நீட்டிப் பார்த்தேன். இடம் இருந்தது. நான் எடுத்த அளவு சரிதான்.