ஏ நெகட்டிவில் ஒரே ஆள்

பத்தாவது தாண்டவில்லை நான். நாகமலை புதுக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஜாவா புரோகிராமிங் அங்கே உட்கார்ந்து நானாகப் படித்தது. ரத்தம் கொடுக்கிறவர்களை நண்பர்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தோம். சர்வர் வேலை ஒரு நண்பனுடையது. சர்வர் அனுப்புவதைப் பிரித்து, லூப்பில் சுற்றி, ஒவ்வொரு ஆளாகத் திரையில் காட்டுவது என் புரோகிராம்.

ஒரு மத்தியானம் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். மனைவிக்குப் பிரசவம், சாயங்காலம் ஆபரேஷன். ஏ நெகட்டிவ் ரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லையாம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

தேடினேன். யாரும் இல்லை என்று காட்டியது.

"இல்லையாண்ணே?"

"இருக்காரு. நில்லுங்க."

எழுமலை விவசாயி ஒருவரை ஏ நெகட்டிவ் என்று நானே சேர்த்திருந்தேன். முகம் நினைவிருந்தது, போன் நம்பர் இல்லை. சர்வர் பார்க்கும் நண்பனைப் போனில் கூப்பிட்டேன்.

"சர்வர்ல ஆளு இருக்கு மாப்ள. உன் புரோகிராம்தான் முழுங்குது" என்றான்.

புரோகிராமை ஒதுக்கிவிட்டு, சர்வர் முகவரியை நேரே பிரவுசரில் அடித்தேன். சர்வர் விவரங்களை எழுதி அனுப்பும் ஜேசன் அப்படியே வந்து நின்றது. ஓ பாசிட்டிவ் கேட்டால் பல பேர். எல்லோரையும் சதுர அடைப்புக்குள் வரிசையாக வைத்து சர்வர் அனுப்பும். ஏ நெகட்டிவில் இவர் ஒருவர்தான். அதனால் அடைப்பு இல்லாமல் தனியாக வந்திருந்தார். என் லூப் அடைப்பைத் தேடியது. அது இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடித்துவிட்டது.

நம்பர் கண்ணெதிரே இருந்தது. போட்டேன். வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மடையை அடைச்சுட்டு வாரேன். எந்த ஆசுபத்திரி?"

வேறு எதுவும் கேட்கவில்லை. ரத்தம் தேடி வந்தவர் என்னைப் பார்த்தார். "வந்துருவாராண்ணே?"

"வாரேன்னுட்டாருல்ல. நீங்க வீட்டம்மாகிட்டப் போங்க."

அவர் போனதும் புரோகிராமைத் திருத்தினேன். தனியாக ஒரு ஆள் வந்தால், ஒரு வரிசை போட்டு அவரை அதில் நிறுத்து, பிறகு சுற்று. அவ்வளவுதான். மற்ற ரத்த வகைகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஏபி நெகட்டிவிலும் ஒரே ஆள் இருந்தார். அவரும் இத்தனை நாள் திரைக்கு வந்ததே இல்லை.

இருட்டிய பிறகு எழுமலைக்காரர் கூப்பிட்டார்.

"குடுத்துட்டேண்ணே. பொம்பளப் பிள்ளையாம். தாயும் நல்லாருக்கு. எனக்குத்தான் வயிறு உப்பிப் போச்சு. போதும்னாலும் விடாம ஜூஸா வாங்கி ஊத்துறாரு பிள்ளைக்கு அப்பன்."