எஸ்தர் சிஸ்டரின் வாடைக் கட்டம்

எஸ்தர் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று ஆயா வந்து சொன்னபோது, நான் குறைமாதக் குழந்தைகள் வார்டில் முதல் தொட்டிலருகே நின்றிருந்தேன். நாசரேத்தில் தம்பி வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தூத்துக்குடியில் அவரோடு வேலை பார்த்தவர்களும், பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே காத்துக் கிடந்தவர்களும் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலத்துணியை மாற்றும்போதெல்லாம் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பது அவர் பழக்கம். டாக்டராகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான் முகம் சுளித்தேன். பட்டம் வாங்கிய திமிர் வேறு. ஒருநாள் காலை, பிறந்து பதினைந்து நாளான ஒரு பெண் குழந்தையின் துணியை மோந்துவிட்டு, "பாலை நிறுத்துங்க டாக்டரம்மா. வாடை மாறிட்டு" என்றார். வயிறு மெத்தென்றிருந்தது. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. "வாடைய வச்சு யாராவது பாலை நிறுத்துவாங்களா சிஸ்டர்?" என்று சிரித்தேன். மாலைக்குள் வயிறு வீங்கி, மலத்தில் ரத்தம் வந்தது. குறைமாதப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் குடல் அழுகல் நோய். இரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

முன்னாலேயே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "சார்ட்டுல வாடைக்குன்னு ஒரு கட்டம் இல்லையேம்மா. இருந்தா நீங்களும் பாத்திருப்பிய." அன்றே ஸ்கேலை எடுத்து எல்லாச் சார்ட்டிலும் ஒரு கட்டம் போட்டேன்.

பாலைச் செரிக்கும் குடல் நுண்ணுயிரிகள் வாடையுள்ள எத்தனையோ சிறு பொருள்களை உண்டாக்குகின்றன என்றும், வயிறு வீங்குமுன்பே அவை மாறிவிடக்கூடும் என்றும் பின்னால்தான் படித்தேன். அதைக் கண்டுபிடிக்க இன்று கருவிகளை வைத்துத் தேடுகிறார்கள். எங்கள் வார்டில் ஒரு மனுஷி மூக்கை வைத்தே தேடிக்கொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

அதைவிடப் பெரிய காரியத்தை, அந்த மூக்கு போன பிறகு செய்தார். கொரோனா வந்து குணமாகி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, கட்டத்தில் "எனக்கு வாடை தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெறுமனே "சரி" என்று எழுதியிருந்தாலும் நம்பியிருப்போம். பிறகு, மீன் விற்கும் ரீத்தாவைக் கூப்பிட்டு, வார்டில் கிடந்த அவள் மகனின் துணியை நீட்டினார்.

"ஏளா, ஏலத்துல மீனை மோந்துதானே எடுக்க? இதையும் தெனமும் மோந்து சொல்லு."

நான்காம் நாள் ரீத்தா துணியைக் கீழே வைக்கவில்லை. "நேத்து இப்படி இல்லையே சிஸ்டர். நாள்பட்ட சாளை மீன் மாதிரி அடிக்கு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. உடனே பாலை நிறுத்தி மருந்தைத் தொடங்கினோம். நோய் வந்தது, அவனைக் கொண்டுபோகவில்லை. இப்போது எல்கேஜி போகிறான்.

செய்தி கேட்ட அன்று, முதல் தொட்டிலின் துணியை எடுத்து மோந்தேன். இத்தனை வருடம் மோந்தும் எனக்கு அந்த மூக்கு வாய்க்கவில்லை. துணியைத் தாயிடம் நீட்டிவிட்டுக் காத்திருந்தேன். "நேத்து மாதிரிதான் இருக்கும்மா" என்றாள். எஸ்தர் சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "எனக்குத் தெரியவில்லை. தாய் சொல்வது: நேற்றுப்போலவே."