மதகுக் கட்டில் வைத்த சுங்கான்

சின்னி விரலின் நுனியளவுதான் இருக்கும் அந்த றப்பர். புகையிலை அடைத்துப் பத்துகிற குழாய்தான் சுங்கான், அதில் வாய் வைக்கிற முனைக்கு மாட்டுகிற உறை. ஒரு காலத்தில் தேன் நிறமாக, மெதுமையாக இருந்தது. இன்றைக்குக் கறுத்து, வெடித்து, கல்லுப் போலக் கிடக்கிறது. போன மாதம் மூத்தவன் லீவில் வந்து நின்றபோது அலுமாரியைத் திறந்து அந்தச் சுங்கானைப் படம் பிடித்தான். “எங்கள் அப்பப்பாவுக்கு அவருடைய நண்பர் ஓவசியர் அன்பளிப்பாகக் கொடுத்தது” என்று எழுதி முகநூலில் போட்டான். அதன் கீழே யார் யாரோ இதயம் போட்டிருந்ததைச் சின்னவள் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூத்தவனில் குற்றமில்லை, பிள்ளைகளே. உங்கள் பேரன், என்னுடைய தகப்பன், ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதையைத்தான் அவன் எழுதினான். அவரை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். அப்பு பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் அந்தக் கதை உண்மை இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்து எனக்குச் சுலபமில்லை. என்றாலும் இதை எழுதாமல் விட்டால் உங்களுடைய பிள்ளைகளும் அதையே படித்து மகிழ்வார்கள். அதை நினைக்கத்தான் நெஞ்சு எரிகிறது.

அப்பு றோட்டு வேலையாட்களுக்குக் கங்காணி. கரம்பொன்னிலிருந்து வேலணைப் பக்கம் போகிற றோட்டெல்லாம் அவருடைய கண்ணுக்கு முன்னால் சல்லி பரவித் தார் ஊற்றினவைதான். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு கலியாணம் கட்டும்வரை நானும் அந்தக் கூட்டத்தில் தார் சுமந்தவன். எங்களுக்கு மேலே, வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயா. வெள்ளைக் காற்சட்டை, தொப்பி, வாயில் சுங்கான். தீவுப்பகுதியில் சுருட்டுப் பத்தாத கிழவனைக் காண்பது அரிது. சுங்கான் பத்தின மனிதர் என்று நான் கண்டது அவர் ஒருவரைத்தான். தார்ப் பீப்பா கொதிக்கிற அந்த நாற்றத்துக்குள்ளும் அவருடைய கொழும்புப் புகையிலை இனிப்பாக மணக்கும்.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒருநாளும் தூசணம் பேசினதில்லை. என் அம்மா காய்ச்சலில் விழுந்தபோது கந்தோர் ஜீப்பை அனுப்பி ஆசுப்பத்திரிக்கு ஏற்றினவர். ஆனால் அவர்களுடைய கிணற்றில் நாங்கள் அள்ளக்கூடாது. தேத்தண்ணிக் கடையில் எங்களுக்கென்று ஒதுக்கின தகரப் பேணிகள் வெளியே ஆணியில் தொங்கும். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை, நீங்களும் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஓவசியர் ஐயா அப்புவுக்குத் தன் சுங்கானைப் பத்தக் கொடுத்தார். மத்தியானத்தில் வேலை ஓய்ந்து எல்லாரும் பனை நிழலில் குந்தியபிறகு, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகரப் பெட்டியை எடுப்பார். அதற்குள் இருக்கிற றப்பர் உறையைச் சுங்கான் முனையில் மாட்டுவார். பிறகு சுங்கானை மதகுக் கட்டில், றோட்டோரத்து அந்தக் குட்டைச் சுவரில், வைத்துவிட்டு அங்காலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பு போய் எடுத்து, இரண்டு மூன்று இழுவை இழுத்து, சால்வையால் றப்பரைத் துடைத்து, திரும்ப அந்தக் கட்டிலேயே வைப்பார். ஐயா வந்து கைலேஞ்சியால் பிடித்து உறையைக் கழற்றிப் பெட்டிக்குள் போடுவார். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். பூசை பார்ப்பது போல இருக்கும்.

இதற்கே ஐயாவை அவருடைய ஆட்கள் ஏசினார்கள் என்று கேள்வி. “நான் வித்தியாசம் பாக்கிறேல்லை, என்ர சுங்கானையே குடுக்கிறனான்” என்று அவர் எஞ்சினியருக்குச் சொன்னதை நானே கேட்டேன். சொல்லும்போது அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது. அப்புவுக்கோ அதைவிடப் பெருமை. வேலையாட்கள் விடுவார்களா?

“கங்காணியண்ணை, உங்கை பாருங்கோ, சுங்கான் கோவணம் கட்டிக்கொண்டு உங்களிட்டை வருகுது.”

“உனக்கு அம்மணமாயும் வராதடா” என்பார் அப்பு. எல்லாரும் சிரிப்பார்கள், அப்புவும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பிறகு ஐயாவுக்குப் பல்லெல்லாம் கழன்று, யாழ்ப்பாணத்தில் கட்டுப்பல் போட்டுக்கொண்டு வந்தார். கட்டுப்பல்லுக்குச் சுங்கானின் கட்டை முனை நிற்காது, வழுக்கும். பல்லு வைத்தியர் சொல்லித் தனக்கும் அதே மாதிரி ஒரு றப்பர் உறையை வாங்கி மாட்டியிருந்தார். இது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

பல்லுக் கட்டி வேலைக்குத் திரும்பிய முதல் நாள். ஐயா பத்திக்கொண்டு நிற்கையில் கந்தோர் ஜீப் வந்தது. எஞ்சினியருக்கு முன்னால் வாயில் சுங்கானோடு நிற்கக்கூடாதென்று அதை மதகுக் கட்டில் வைத்துவிட்டு ஓடினார். அப்பு திரும்பிப் பார்த்தார். கட்டில் சுங்கான், சுங்கானில் றப்பர், ஐயா அங்காலே. எத்தனையோ காலமாகக் கண்டு பழகின காட்சி. அப்பு போய் எடுத்து வாயில் வைத்தார். வேறு எந்த ஊர்க்காரனும் விட்டிருக்க முடியாத பிழை அது.

ஜீப் போனபிறகு ஐயா திரும்பி வந்தார். அப்பு வழக்கம்போல சால்வையால் றப்பரைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஐயா காற்சட்டைப் பைக்குள்ளிருந்து தகரப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார். அப்புவின் உறை அதற்குள் பத்திரமாகக் கிடந்தது. தார் கிளறிக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பெட்டியை மூடினார். கட்டுப்பல்லுக்குள் நாக்கு அங்குமிங்கும் போய் வந்தது, எதையோ துப்ப இடம் தேடுகிற மாதிரி.

அப்பு சுங்கானை மதகுக் கட்டில் வைக்கக் குனிந்தார்.

“வேண்டாம் கங்காணி. அதை நீரே வைச்சிரும்.”

“ஐயா?”

“எனக்கு வேற ஒண்டு கிடக்கு. இதையும் எடும்.” தகரப் பெட்டியைக் கட்டில் வைத்துவிட்டு நடந்தார். கொஞ்சத் தூரம் போய்க் காறித் துப்பினது எனக்குக் கேட்டது.

அப்பு அழுதுவிட்டார். சந்தோசத்தில் அழுதார். “பெட்டியோடை தந்திட்டார், மோனை, பெட்டியோடை” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குப் பின்னால் தார்ச்சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “கங்காணியற்றை எச்சிலுக்கு ஒரு சுங்கான் விலை போகுது, கண்டியோ?” அது அப்புவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

ஐயா புதுச் சுங்கான் வாங்கினார். அதைப் பிறகு ஒருநாளும் மதகுக் கட்டில் வைக்கவில்லை. “எனக்கெண்டு தனியச் சுங்கான் இருக்குத்தானே, இனி ஏன்?” என்று அப்புவே அதற்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அப்பு கடைசி மட்டும் றப்பர் மாட்டாமல் அந்தச் சுங்கானை வாயில் வைத்ததில்லை. “உது உங்கடை சுங்கான் அப்பு, உந்தக் கோதாரியைக் கழட்டி எறியுங்கோ” என்று ஒருமுறை கத்தினேன். “அது மரியாதையில்லை” என்றார். யாருக்கு மரியாதை என்று நான் கேட்கவில்லை. தன் வாயிலிருந்தே தன் சுங்கானைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதரிடம் என்ன கேட்பது? சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு எல்லாரும் ஓடினபோதும் உடுப்புக்கு முதல் அதைத்தான் பைக்குள் வைத்தார்.

இப்போது அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், ஆணியில் தொங்கின பேணிகள் போய்விட்டன. போன வருசம் ஒரு பெரிய வீட்டுக் கலியாணத்துக்குப் போனேன். வந்தவர்கள் எல்லாருக்கும் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி. குடித்தபிறகு எல்லாரும் எறிந்தார்கள், நானும் எறிந்தேன். உள் விறாந்தையில் மட்டும் சில பேருடைய கையில் பீங்கான் கோப்பை இருந்தது. அவர்கள் சொந்தக்காரராக இருக்கலாம். ஆனால் என் கண் அதைத்தானே முதலில் தேடியது. அப்படிப் பழக்கப்பட்ட கண்ணைக் கழற்றிவைக்க எனக்கு ஏலாது.

ஓவசியர் ஐயா செத்தது இடப்பெயர்வுக்கு முந்தி. அப்பு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். ஐயாவின் மகன் படலைக்கு வந்து, “உள்ளை வாங்கோ கங்காணி” என்று கூப்பிட்டார், மனதாரத்தான் கூப்பிட்டார். அப்பு நகரவில்லை. “நான் இதிலை நிக்கிறன், தம்பி” என்று படலைக்கு வெளியே, வெயிலில், பாடை வெளிக்கிடும்வரை நின்றார். கண்ணீர் வடிந்தது. துடைக்கவும் இல்லை.

வீடு திரும்புகிற வழியில், நாங்கள் போட்ட அந்த றோட்டில் வைத்துத்தான் எனக்குப் பொறுமை விட்டது. கட்டுப்பல், இரண்டாவது றப்பர், அவர் பெட்டியைத் திறந்து பார்த்தது, காறித் துப்பினது எல்லாவற்றையும் சொன்னேன். “அவர் உங்களுக்குத் தரேல்லை அப்பு. நீங்கள் வாய் வைச்சதாலை எறிஞ்சவர்.”

அப்பு நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். கோபப்படுவார், அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். சால்வையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டார்.

“எறியிறதெண்டால் கடலுக்கை எறிஞ்சிருக்கலாம், மோனை. கையிலை தந்தவர்.”

இல்லை, பிள்ளைகளே. ஓவசியர் ஐயா அப்புவின் கையில் ஒருநாளும் ஒன்றும் தந்ததில்லை. நான் பக்கத்தில் நின்றவன். அப்புவின் முகத்தைப் பார்த்தேன், அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன். மூத்தவன் முகநூலில் எழுதினதை அழித்துவிடட்டும்.