கம்பம் நேரா நிக்குது

"கீழேருந்து மேல சுத்துங்க அண்ணே. மேலேருந்து சுத்தினா மழைத் தண்ணி நேரா உள்ள இறங்கிடும்" என்றார் மருந்துக் கடைக்காரர், கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி.

கம்பத்தில் ஏறியிருந்த வெல்டர் ஆன்டெனா வயர் இணைப்பைக் கீழேயிருந்துதான் சுற்றிக்கொண்டிருந்தார். கூரையில் ஒரு ஓட்டின் மேல் இன்னொன்று பாதி ஏறி உட்கார்ந்திருப்பதைப்போல, டேப்பின் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடிக்கொண்டு மேலே போனது. அதைச் சொல்லலாம். சொல்லி முடிப்பதற்குள் சுற்றியே முடித்துவிடலாம் என்று சுற்றினார்.

"காதுல விழுந்துச்சா?"

இடுப்பில் தொங்கிய ஸ்பானரை எடுத்துக் கம்பத்தில் இரண்டு தடவை தட்டினார். டங், டங். விழுந்தது என்று அர்த்தம்.

"அவர் பாட்டுக்கு வேலை பாக்கறாரு, விடுங்களேன்" என்றார் நிழலில் உட்கார்ந்திருந்த சர்வேயர். ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. "இந்த மலையை முதன்முதல்ல அளந்தது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். அப்ப இந்தத் தண்ணித் தொட்டியும் கிடையாது, பம்ப் ரூமும் கிடையாது. ஒரு செயின்மேன் இருந்தான், அளவுச் சங்கிலி பிடிக்கிறவன், செருப்பே போடமாட்டான்..."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் மருந்துக் கடைக்காரர்.

வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் அவர்களுடைய ஹாம் ரேடியோ சங்கத்தில் சர்வேயருக்கு 'நிலையம்' என்று பெயர். வானொலி நிலையத்தைப்போலக் காலையில் தொடங்கினால் நிகழ்ச்சி முடிவதில்லை என்பதால். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெல்டர் இறங்கி வந்தார். பெல்ட்டைக் கழற்றிப்போட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று கம்பத்தைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பம்ப் அறைச் சுவரின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தார். நேராக இருந்தது. கம்பமும் கிளாம்பும் அதன் அடியில் இருந்த இரும்புப் பெட்டியும் அவர் பட்டறையில் பிறந்தவை. பெட்டிக்குள் இருந்த ரிப்பீட்டர் மட்டும் வெளியிலிருந்து வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து மெலிதாக வரும் குரலைக் கேட்டு, மலையின் இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்வது அதன் வேலை. சென்ற வெள்ளத்தில் டெலிபோன்கள் செத்துப்போய், மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சங்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தது.

அது சங்கத்தின் காரணம். வெல்டரின் காரணம் வேறு. அதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அவருக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே. பட்டறைக்கு வருகிறவர்களிடம் 'க' என்று தொடங்கினால் போதும், "கதவா? நாளைக்கா? சரி, நாளைக்கு வரேன்" என்று அவர்களே முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கம்பி வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மறுநாள் வந்து சத்தம் போடுவார்கள். அவர் சொல்ல வந்ததை ஊரில் எல்லோரும் சொல்லி முடித்திருக்கிறார்கள், அவரைத் தவிர.

ஒரு தடவை பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் இந்தச் சங்கத்துக்காரர்களுக்கு ஸ்டாண்டு பற்றவைக்கப் போயிருந்தார். வேலை முடிந்தும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினார். அவர் கையை எடுக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். நடுவில் இருமினார், யோசித்தார், மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. வெல்டருக்கு அது நியாயமான ஏற்பாடாகப் பட்டது. அந்த வருடமே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

ஆனால் அவர் தெரு மலைக்கு அடிவாரத்தில், மலையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அவர் குரல் நூலாகத்தான் வெளியே போகும். ஒரு சொல்லில் நின்று மூச்சு விடுவதற்குள், அவர் அங்கே இருப்பதே தெரியாமல், பலமான கருவி வைத்திருப்பவர் எவராவது மேலே ஏறிப் பேசிவிடுவார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனது. அப்புறம் அவர் பேசுவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மருந்துக் கடைக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை கேட்பார். தன் முறை வந்ததும் வெல்டர் பட்டனை இரண்டு தடவை தட்டுவார். டக், டக். "வெல்டர் வந்தாச்சு" என்பார் மருந்துக் கடைக்காரர். இத்தனை வருடமாக வெல்டரின் உரையாடல் அவ்வளவுதான்.

"மலை மேல ரி... ரிப்பீட்டர் வச்சா நம்ம மொட்டை மாடி அங்கேருந்து நேராத் தெரியும்" என்று மனைவியிடம் சொன்னார். "என் குரல் முழுசாப் போகும். நடுவுல நின்னாலும் ஆள் இருக்கறது எல்லாருக்கும் தெரியும். யாரும் மேல ஏற மாட்டாங்க."

"என்கிட்ட சண்டை போடறப்ப எங்கேயும் நிக்காம ஓடுதே. அதே மாதிரி அங்கேயும் பேசுங்க."

"அதுக்கு உன்னை மாதிரி ஒரு ஆள் அ... அங்க வேணுமே."

"தூக்கிட்டுப் போய்க் கம்பத்துல கட்டுங்க, வரேன்."

முதல் நாள் பேசுவதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். லைசென்ஸோடு கொடுத்த அடையாள எழுத்துகளான கால்சைன், அதற்குப் பிறகு 'கம்பம் நேரா நிக்குது.' கிரைண்டரை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தால் தங்குதடையில்லாமல் வந்தது. கிரைண்டரை நிறுத்தினால் 'க'விலேயே காலைப் பிடித்துக்கொண்டது. மனைவி அடுப்படி அலமாரியில் பழைய ரேடியோப் பெட்டியை ஏற்றிவைத்தாள். அதில் கேட்கலாம், பேச முடியாது. "எனக்கு அதுவே போதும்" என்றாள்.

போன வாரம் மருந்துக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கூட்டம் நடந்தது. நிலையம் வரவில்லை, பல்வலி. அந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று மருந்துக் கடைக்காரர் விஷயத்தை எடுத்தார்.

"ரிப்பீட்டர்ல ஒரு டைமர் இருக்கு. ஒரே ஆள் பிடிச்சு வச்சுக்கிட்டா அதுவா வெட்டிடும். கையை எடுத்தாத்தான் திரும்ப வேலை செய்யும். இல்லாட்டி சூடாகிப் போயிடும், பேட்டரியும் காலி. எவ்வளவு வைக்கலாம்?"

"நிலையம் எவ்வளவு நேரம் பேசும்?"

"அது தெரிஞ்சா அளவு தெரிஞ்சிடுமே."

"அரை நிமிஷம் வைங்க. மூச்சு வாங்கப் பழகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள். வெல்டரும் தூக்கினார். எல்லோரும் தூக்கியிருக்கும்போது கையைக் கீழே வைத்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான், தூக்கியது தன் கைதான் என்று உறைத்தது.

இப்போது மற்றவர்கள் ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து பேசிப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்துவைத்து விளக்குகளைக் கவனிக்க ஒருவர் மேலே இருக்க வேண்டும், வெல்டர் இருக்கிறேன் என்று தலையாட்டியிருந்தார். தொட்டியின் நிழல் நீண்டு பம்ப் அறைக் கதவில் ஏறியிருந்தது. வாக்கி டாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த பெட்டிக்கு எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். ரிப்பீட்டர் பேசும்போது பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரியும்.

சிவப்பு எரிந்தது. "எல்லாருக்கும் வணக்கம். முதல் வருகை" என்ற மருந்துக் கடைக்காரரின் குரல், கடைக் கல்லாவுக்கு எதிரே நிற்பதைப்போலத் துல்லியமாகக் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் சொன்னார். "அட, பக்கத்து வீடு மாதிரி கேக்குது" என்றார். பிறகு இன்னொருவர்.

"அடுத்து வெல்டர்."

அவர் வழக்கம்போல இரண்டு தடவை தட்டினார்.

சிவப்பு அசையவே இல்லை. மின்னல், மோட்டார் சத்தத்துக்கெல்லாம் விழித்துக்கொள்ளக்கூடாது என்று, சட்டென்று வந்து போகும் எதையும் ரிப்பீட்டர் காதில் போட்டுக்கொள்ளாது. அப்படித்தான் அமைத்திருந்தார்கள். திரும்பவும் தட்டினார். பெட்டி சும்மா இருந்தது.

"வெல்டர் இருக்காரா? அவர் மலை மேலதானே இருக்காரு?"

பட்டனை அழுத்தினார். சிவப்பு வந்தது. வாயைத் திறந்தார். கால்சைனின் முதல் எழுத்து வந்தது, இரண்டாவது வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு இழுத்தது. பட்டனை விடவில்லை. எங்கோ கீழே பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டாவது எழுத்து வந்தது. மூன்றாவதில் நின்றார். அந்த எழுத்து நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அவருக்குத் தெரிந்தது, இதோ.

சிவப்பு அணைந்தது.

கட்டைவிரல் இன்னும் பட்டனில்தான் இருந்தது. மூன்றாவது எழுத்து வெளியே வந்தது. அதைக் கேட்கத் தொட்டியைத் தவிர அங்கே யாரும் இல்லை.

கையை எடுத்தார்.

"யாரோ தெரியாம பட்டன் மேல உக்காந்துட்டீங்க போலிருக்கு" என்றார் மருந்துக் கடைக்காரர். "நடுவுல ஏதோ முனகல், மத்தபடி வெறும் காத்துதான் வருது. பாத்துக்குங்க. வெல்டரைக் காணோம். பரவாயில்லை, அப்புறம் பாக்கலாம். அடுத்து..."

வெல்டர் பட்டனை அழுத்தவில்லை. பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு சின்ன பலகையில் நகத்தளவு திருகு ஒன்று இருந்தது. மருந்துக் கடைக்காரர் அதை அவர் எதிரில்தான் திருகி வைத்தார். எல்லோரும் கை தூக்கி வைத்த அரை நிமிஷம். வெல்டரின் கையும் அதில் இருந்தது. மனைவி இந்நேரம் அடுப்பைக் குறைத்துவிட்டு அலமாரிப் பக்கம் நின்றிருப்பாள். அவளும் 'யாரோ பட்டன் மேல உக்காந்துட்டீங்க' என்பதைக் கேட்டிருப்பாள். யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

எழுந்து போய்ச் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். திருகை வலப்பக்கம், நேரம் கூடும் பக்கமாக, கடைசிவரை திருப்பினார். வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டிருந்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து, அழுத்தினார்.

கால்சைனில் இரண்டு இடத்தில் நின்றார். நின்ற ஒவ்வொரு தடவையும் சிவப்பைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. 'க'வில் நெடுநேரம் நின்றார். ஒரு காக்கை கம்பத்தின் மேல் வந்து உட்கார்ந்து, இடம் பிடிக்காமல் பறந்தது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, எடுத்துக்கொடுக்க வழியும் இல்லை. "கம்பம்" என்றார். பிறகு, "நே... நேரா நிக்குது" என்றார். கையை எடுத்தார்.



"கேட்டுச்சு அண்ணே" என்றார் மருந்துக் கடைக்காரர். "கம்பம் நேரா நிக்குது. வெல்டர் வந்தாச்சு." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அடுத்து... நிலையம்."

நிலையம் தொடங்கினார். மலையை முதன்முதலில் அளந்தது, செருப்புப் போடாத செயின்மேன், அவனுக்குத் தேள் கொட்டியது, தேள் கொட்டினால் என்ன செய்ய வேண்டும், அந்தக் காலத்து மருந்துக்கும் இப்போது மருந்துக் கடையில் கொடுக்கிற மருந்துக்கும் உள்ள வித்தியாசம். திடீரென்று அவரே நிறுத்தினார்.

"என்னய்யா இது, அரை நிமிஷத்துல என்னை வெட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்? இன்னும் வெட்டலையே. சரி, அந்தச் செயின்மேன் இருக்கானே..."

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் மருந்துக் கடைக்காரர் உள்ளே வந்தார். "ஒரு நிமிஷம் சார். டைமரை யாராவது தொட்டீங்களா? காலையில நான்தானே வச்சேன்."

மலை மேல் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பேசாமல் இருந்தாலும் தெரிந்துவிடும், ஆனால் கேட்கமாட்டார்கள். அவரிடம் யாரும் எதையும் வற்புறுத்திக் கேட்டதில்லை. பதில் வர நேரமாகும் என்பதால்.

பட்டனை அழுத்தினார்.

"நா... நான். அரை நிமிஷம் எ... எனக்குப் பத்தலை."

"அப்ப முதல்ல பட்டன் மேல உக்காந்தது..."

"நான்தான்."

 முந்திக்கொண்டது நிலையம்தான்.

"எனக்குந்தான் பத்தலை. என்னை யாராவது கேட்டீங்களாய்யா? பல்வலின்னு ஒரு நாள் வரலை, அதுக்குள்ள சட்டம் போட்டுட்டீங்க. வெல்டரே, திருகினது திருகினபடி இருக்கட்டும். நீங்க பேசறப்ப நான் வாயே திறக்கமாட்டேன். சத்தியம்."

"அதை முதல்ல எழுத்துல வாங்கணும்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

மறுநாள் திங்கட்கிழமை. வெல்டர் வழக்கமான நேரத்தில் பட்டறையைத் திறந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கிரில் செய்யும் வேலை இருந்தது. பத்து மணிக்கு மருந்துக் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். திருகு அப்படியே இருந்தால் ரிப்பீட்டர் தாங்காது, மூன்று நிமிஷத்தில் வைக்கலாமா என்று கேட்டார். பதில் வரும்வரை வண்டியை அணைத்துவிட்டு நின்றார். வெல்டர் சரி என்று சொன்னார். மதியம் ஒருவர் கேட் விஷயமாக வந்தார். வெல்டர் பதில் சொல்லத் தொடங்கியதும், மீதியை அவரே சொல்லி முடித்துக்கொண்டு போனார். மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள், ரேடியோப் பெட்டியை அலமாரியிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாள். மாலையில் மழை பெய்தது. ரிப்பீட்டர் வேலை செய்துகொண்டிருந்தது.