மூடி ஆறும் வரை

என் கணவர் பாதி ஆயுசை வளைகுடாவில் வண்டி ஓட்டிக் கழித்துவிட்டு ஊரோடு வந்ததும், மேலப்பாளையத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். அதில் நாங்கள் முதன்முதலாகத் தூரமாய்ப் போனது உடன்குடிக்கு, என் அக்கா மகள் கல்யாணத்துக்கு.

சாத்தான்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், பனைகளைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. அவர் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

நிக்காஹுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு இறங்கி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன்.

"தொடாத!"

அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

"ஏன் இப்படிப் பதறுதீங்க? தண்ணி ஊத்துனா ஆறிரும்லா?"

"குக்கர்ல ஆவி இருக்கையில திறப்பியா புள்ள? இதும் அப்படித்தான். மூடி அழுத்திப் பிடிச்சிருந்தா, நூறு டிகிரி தாண்டுனாலும் தண்ணி கொதிக்காம அடங்கிக் கிடக்கும். திறந்தா அழுத்தம் போயிரும். அவ்வளவு தண்ணியும் ஒரேயடியா கொதிச்சு மூஞ்சியில அடிக்கும்."

"இப்பமே கொதிக்குதே."

"மூடி ரப்பர் தேஞ்சு அழுத்தம் கசியுதுபோல. முன்னால வச்சிருந்தவரு கூலன்ட் ஊத்தாம வெறும் தண்ணியா ஊத்தியிருக்காரு."

"அது பனி நாட்டுல தண்ணி உறையாம இருக்க ஊத்துததுன்னு மவன் சொன்னானே. நமக்கு எதுக்கு?"

"உறையவும் விடாது, சீக்கிரம் கொதிக்கவும் விடாது. பாலைவனத்துலயும் அதத்தான் ஊத்துவோம்."

பனை நிழலில் உட்கார்ந்தோம். அவர் வலது சட்டைக் கையை மடக்கி முழங்கை வரை இருந்த தழும்பைக் காட்டினார். நான் அறிந்த தழும்புதான். டீ கொட்டிவிட்டது என்று சொல்லியிருந்தார்.

"டீ இல்ல. இந்த மாதிரி ஒரு மூடிதான். முதலாளி பக்கத்துல நின்னு சீக்கிரம், சீக்கிரம்னாரு. திறந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ரெண்டாவது பிள்ளய சுமந்துக்கிட்டிருந்த. ஊருல இருந்துக்கிட்டு நீ என்ன செய்வ, அழுறதத் தவிர?"

"வெந்த கைய வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட்டீங்க?"

"அறையில கூட இருந்த மலையாளி ஊட்டி விட்டான்."

அந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வந்தது. குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை. ரிசீவரை எந்தக் கையில் பிடித்திருப்பார் என்று யோசித்தேன். யாரோ முகம் தெரியாதவர் என் கணவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறார். நான் இங்கே பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் வரவில்லை. அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மூடிமேல் துணி போட்டுப் பையத் திருகினார். ஆவி சீறும் சத்தமே இல்லை. இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாகச் சாத்தான்குளம் போய்ச் சேர்ந்தோம். ஒர்க்‌ஷாப்பில் பழைய தண்ணீரை இறக்கி, கூலன்ட் நிரப்பி, புது மூடி போட்டார்கள்.

உடன்குடியில் நிக்காஹ் முடிந்து கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு என்மேல் வருத்தம்தான்.

திரும்பி வரும்போது, வளைகுடாவில் போய் இறங்கிய முதல் நாள் எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.